எப்சி கேட்டா கிடைக்கும்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்கம்மா. எனக்குக் காத்து ஆகாது. சும்மா சொல்லுதேன், காத்தெல்லாம் ஆகும். எங்க ஊருக்கு ரோடு பிரியுத விலக்கு வந்ததும் சட்டுனு எறங்கணும், அதுக்குத்தான் இந்தப் பக்கம்.

திருச்செந்தூருக்குத்தான? மஞ்சத் துணியில காணிக்கை முடிஞ்சு வச்சிருக்கீங்களே, அதான் கேட்டேன். மகளுக்கா? தலைப்பிரசவமா. பேரு என்ன? கோமதி. நல்ல பேரு. நல்லபடியாப் பெத்துப் பொழைக்கட்டும்.

நான் குரும்பூருக்கு முன்னால கனகவிளை விலக்குல எறங்கணும். ஆஸ்பத்திரியில இருந்து வாறேன். எம்மகனுக்கு நாளைக்குக் காலையில ஆப்பரேசன். மண்டைக்குள்ள கட்டி. டாக்டர் பயப்படாதீங்கன்னுதான் சொல்லுதாரு. ஆனா என் முகத்தப் பாத்துச் சொல்லல, சுவத்தப் பாத்துச் சொன்னாரு.

பிள்ளைய அங்க போட்டுட்டு இவ ஊருக்கு எதுக்குப் போறான்னு நெனைக்கீங்க. யாருன்னாலும் நெனைப்பாங்க. ஒருத்தியக் கூட்டிட்டு வரப் போறேன். எங்க கொழுந்தன் பொண்டாட்டி. எப்சிபான்னு பேரு, எப்சி எப்சிம்போம். அவகூட நான் பேசி ரெண்டு வருசம் ஆகப்போவுது. ஒரே ஊரு, ஒரே கோயிலு, ஒரே சங்கம். எதுக்க வந்தா நான் தலைய இந்தப் பக்கம் திருப்பிக்கிடுவேன். இன்னைக்கு நானே அவ வீட்டுப் படியேறி, ஏட்டி, வாட்டி, எம்புள்ளைக்கு ஜெபம் பண்ணுட்டின்னு கேக்கணும். அந்த வார்த்தை எப்படி வாயில இருந்து வரும்னு பாளையங்கோட்டையில இருந்து யோசிச்சுக்கிட்டே வாறேன். இன்னும் வரல.

நானாப் போகல, கேட்டீங்களா. அவன் சொன்னான். இன்னைக்குக் காலையில இட்லியப் பிச்சு வாயில குடுத்துக்கிட்டு இருக்கேன். மெல்ல முடியாம மென்னுட்டு, "அம்மா, சித்தியக் கூட்டிட்டு வா. சித்தி வந்து தலையில கை வச்சு ஒரு ஜெபம் பண்ணட்டும். அப்பம் எனக்குப் பயம் இருக்காது"ங்கான்.

நான் எங்க இருக்கேன்? அவன் கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கேன். என் கையி எங்க இருக்கு? அவன் தலையில இருக்கு. ஏற்கெனவே இருக்கு. பெத்தவ கையி தலையில இருக்கும்போது சித்தி கைய வைக்கணுங்கான். இட்லித் தட்ட அப்படியே கீழ வச்சேன். அவனுக்கு ஒண்ணும் தெரியல, கண்ண மூடிட்டான்.

நீங்களே சொல்லுங்க. நான் ஜெபம் பண்ணத் தெரியாதவளா? எங்க சபையில பெண்கள் சங்கத்துக்கு நான்தான் செயலாளரு. என் பேரு நவமணி, கனகவிளையில செயலாளர் அம்மான்னாத்தான் தெரியும். ஆரம்ப ஜெபம் நான், முடிவு ஜெபம் நான். வானத்தையும் பூமியையும் படைச்சவரேன்னு தொடங்கினேன்னா நாடு, அரசாங்கம், மழை, வெள்ளாமை, சபை, குருவானவரு எல்லாத்துக்கும் கேட்டு, ஒண்ணு விடாம கேட்டுத்தான் ஆமென் போடுவேன். ஐயரே சொல்லியிருக்காரு, நவமணியம்மா ஜெபத்துல இலக்கணம் தப்பாதுன்னு. எங்கள்ல பாதிரியார ஐயருன்னுதான் சொல்லுவோம், நீங்க வேற நெனச்சுக்கிடாதீங்க.

அவ ஜெபத்தக் கேட்டிருக்கீங்களா? நீங்க எங்க கேட்டிருக்கப் போறீங்க. அவ தொடங்கும்போதே, "ஆண்டவரே, வந்துட்டீரா, உக்காரும்"பா. பக்கத்து வீட்டு ஆள்கிட்ட பேசுத மாதிரி. ஒரு தடவை அவ ஆட்டுக்கு மடி வீங்கிப் போச்சு. சங்கக் கூட்டத்துல, அத்தன பொம்பளைங்க கண்ண மூடி இருக்காங்க, இவ, "ஆண்டவரே, கருப்பிக்கு மடி கல்லாட்டம் இருக்கு, குட்டி பால் இல்லாமக் கத்துது, நீரு ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போம்"ங்கா. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. ரெண்டு நாள்ல ஆட்டுக்குச் சரியாப் போச்சு. ஆட்டு டாக்டரு ஊசி போட்டாரு, அதுலதான் சரியாச்சு. அத ஒருத்தியும் சொல்லல. எப்சி ஜெபம், எப்சி ஜெபம்னு ஒரே பேச்சு.

அதுல இருந்து ஊர்ல ஒரு சொல்லாப் போச்சு. எப்சி கேட்டா கிடைக்கும். கோழி காணலையா, எப்சி. கவர்ன்மெண்ட் பரீட்சையா, எப்சி. யாரு வீட்டுல பிரசவம்னாலும் ஆட்டோ வாறதுக்கு முன்ன எப்சி வந்து நிக்கணும். புது ஐயரம்மா, அதான் ஐயரு சம்சாரம், வந்தா செயலாளரத்தான மொதல்ல பாக்கணும்? இப்ப இருக்க ஐயரம்மா பெட்டியப் பிரிக்கதுக்கு முந்தியே எப்சி வீட்டுல காப்பி குடிச்சாச்சு.

என்ன கேட்டீங்க? அவளுக்கா? இல்ல. பிள்ளைங்க இல்ல. கேட்டா, கேட்காம இருப்பாளா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. அது ஒண்ணு மட்டும் கிடைக்கல. அது வேற விசயம், விடுங்க. நான் கேட்காமலே எனக்கு மறு வருசம் மகன் பொறந்துட்டான். அவன் சின்னதுல பாதி நேரம் அவ வீட்டுலதான் கெடப்பான். நானும் பள்ளிக்கூட சத்துணவு வேலை, சங்கம்னு ஓடிக்கிட்டு இருந்தேன், இருக்கட்டும்னு விட்டுட்டேன். அதான் இப்பம் சித்தி, சித்திங்கான்.

எதுல இருந்தேன்? ஆங், சங்கத்துல. அங்க ஜெபக்குறிப்புன்னு ஒண்ணு உண்டு. உங்கள்ல வேண்டுதல்னு சொல்லுவீங்கல்லா, அது மாதிரி. சங்கக் கூட்டம் முடியும்போது செயலாளரு கேக்கணும், யாருக்காவது ஜெபக்குறிப்பு இருக்கான்னு. ஒவ்வொருத்தியா எந்திரிச்சு, எனக்கு முட்டு வலி, எம் மருமகனுக்கு வேலை இல்லன்னு சொல்லுவாங்க, எல்லாரும் அதுக்காக ஜெபிப்பாங்க. கேக்கது நான். ஆனா நான் சொன்னதில்ல. செயலாளரு ஆன நாள்ல இருந்து ஒரு ஜெபக்குறிப்பு நான் குடுத்ததில்ல. எங்க வீட்டுக் காரியத்த நாலு பேரு வாயில போட எனக்கு இஷ்டமில்ல. நவமணி உங்களுக்குன்னு கேட்டா, "ஸ்தோத்திரம் மட்டுந்தான்"னு சொல்லுவேன். அதுல எனக்கு ஒரு பெருமை. அந்தம்மா வீட்டுல ஒரு குறையும் கிடையாதுன்னு நாலு பேரு சொல்லணும்லா.

குறையும் கிடையாதுதான். அதுதான் எனக்குக் குறை, சிரிக்காதீங்க. எங்க கோயில்ல வருசா வருசம் ஸ்தோத்திரப் பண்டிகை வரும். அன்னைக்குச் சாட்சி சொல்லணும். ஆபத்து வந்துச்சு, ஆண்டவரு காப்பாத்தினாருன்னு எந்திரிச்சுச் சொல்லணும். ஆபத்து வந்தாத்தான சாட்சி சொல்ல முடியும்? அவளுக்குப் பாருங்க, வருசத்துக்கு ஒண்ணு வந்துரும். கேஸ் டியூப்பு தீப்பிடிச்சுது, அணைஞ்சுட்டு. மோட்டார் ரூம்ல நல்ல பாம்பு காலுக்குக் கீழ கெடந்துச்சு, கடிக்கல. கொழுந்தனுக்கு டெங்கு வந்து ரத்தத்துல என்னமோ கொறைஞ்சு, பெறவு கூடிருச்சு. அவ அழுதுக்கிட்டே சொல்லுவா, கோயிலே மூக்கச் சிந்தும். எனக்கு என்ன வந்துச்சு? ஒரு காய்ச்சல் வந்தா ரெண்டு மாத்திரையில போயிரும். எங்க வீட்டு மோட்டார் ரூம்ல ஓணான் கூடக் கெடையாது.

மனசு கேக்காம ஒரு வருசம் நானும் எந்திரிச்சேன். ஸ்கூட்டி சரிஞ்சு விழுந்ததச் சொன்னேன். பெரிய விபத்துல இருந்து கர்த்தர் என்னைத் தூக்கி எடுத்தாருன்னு சொல்லி, கொஞ்சம் கண்ணத் தொடைக்கலாம்னு முந்தானைய எடுக்கேன். ஆம்பளைங்க பக்கம் இருந்து எங்க வீட்டுக்காரரு மெதுவாச் சொல்லுதாக, "வண்டி நின்னுக்கிட்டுல்லா இருந்துச்சு." மெதுவாத்தான் சொன்னாக. வாத்தியாரா இருந்தவுக, மெதுவாச் சொன்னாலே கடைசி பெஞ்சுக்குக் கேக்கும். கோயில் பூராச் சிரிச்சுது. அவ மட்டும் சிரிக்கல. பெறவு பின்னால வந்து, "அக்கா, முழங்கையில அடி பட்டுச்சா, எண்ணெய் காய்ச்சித் தரட்டா"ன்னு கேட்டா. மத்தவ சிரிச்சதக்கூட நான் மறந்துட்டேன். அவ கேட்டத இன்னும் மறக்கல.

சரி, அதெல்லாம் சின்ன விசயம். பேச்சு நின்னது வெள்ளத்துல.

அந்த மார்கழி மழை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எங்க ஊருக் குளம் விடியக் கரை உடைஞ்சுது. வீடு ரெண்டு தெருவுல, எங்களது மேட்டுத் தெரு, அவளுக்குக் கீழத் தெரு. தண்ணி வருது வருதுன்னு சத்தம் கேட்டு சனம் பூரா எங்க வீட்டுக்கு ஓடி வந்துட்டு. எங்க வீடு நாலு படி ஏறித்தான் உள்ள போகணும். வராண்டா, ரூமு, அடுப்படி எல்லாம் ஆளு. கைப்பிள்ளைங்க அழுது. நான் இருந்த ரவை பூராத்தையும் அண்டாவுல கொட்டிக் கிண்டினேன். அரிசியும் அன்னைக்கே காலி. மூணு நேரம் அத்தன பேருக்கும் போட்டேன். யாருகிட்டயும் நான் இதச் சொல்லிக் காட்டினதில்ல, உங்ககிட்ட சொல்லுதேன்.

எப்சி வரல. கொழுந்தன் அன்னைக்கு மதுரையில லோடு ஏத்தப் போயிருந்தான், அவ ஒத்தையில இருந்தா. ஆட்டை விட்டுட்டு வரமாட்டேன்னு மாடியில ஏறிட்டாளாம். நான் ஆள் அனுப்பினேனான்னு கேக்காதீங்க. அனுப்பணும்னுதான் நெனச்சேன். வீடு பூரா சனம், அடுப்புல அண்டா, யார அனுப்ப? பெறவு கழுத்தளவு தண்ணி வந்துட்டு, அனுப்பினாலும் யாரு போக முடியும்.

மறுநா மத்தியானந்தான் கடக்கரைப் பையன்மாரு லாரியில படகு கொண்டு வந்து அவளை எறக்குனாங்க. மடியில ஒரு குட்டி, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஆடு. நான் எங்க வராண்டாவுல நின்னு பாத்தேன். நனைஞ்ச கோழியாட்டம் வந்து எறங்கினவ என்னப் பாத்ததும், "அக்கா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?"ன்னு கேட்டா. வரலன்னேன். ஸ்தோத்திரம்னு சொல்லி அங்கனயே தரையில உக்காந்துட்டா. நான் அவளுக்கும் ஒரு தட்டு உப்புமா குடுத்தேன். கடைசித் தட்டு அதுதான், அடிப்பிடிச்சது. வேற இல்ல.

வெள்ளம் வடிஞ்சு அடுத்து ஸ்தோத்திரப் பண்டிகை வந்துச்சு. எனக்கு மனசுக்குள்ள ஒரு எதிர்பார்ப்பு இருந்துச்சு, மறைக்கதுக்கு என்ன. ஊரே என் வீட்டுலதான இருந்துச்சு. ஒருத்தராவது எந்திரிச்சு, நவமணியம்மா வீட்டை ஆண்டவரு நமக்கு அடைக்கலமாக் குடுத்தாருன்னு சொல்லுவாங்க, சொன்னா தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்னு நெனச்சு, புதுச் சேலை கட்டிட்டுப் போயிருந்தேன். எவளும் எந்திரிக்கல. எப்சிதான் எந்திரிச்சா.

சொன்னா. தண்ணி மாடிப்படியில ஒவ்வொண்ணா ஏறினதச் சொன்னா, ஆடு கத்தினதச் சொன்னா. எல்லாரும் அழுதாச்சு. சரி, உக்காருவான்னு பாக்கேன். உக்காரல. இன்னும் ஒண்ணு சொல்லணும்னா. "மாடியில இருந்து பாத்தா அக்கா வீடு தெரியும். சனம் பூரா அங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். ஆண்டவரே, என்னை விட்டுரும், நான் மேல இருக்கேன். அக்கா வீட்டுப் படியத் தாண்டித் தண்ணி உள்ள போகப்படாது, நீரு போய் அந்தப் படியில நில்லும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அவரு போய் நின்னாரு"ன்னா.

கோயிலே ஆமென்னு சொல்லுது. பிள்ளைங்க சொல்லுது, ஐயரு சொல்லுதாரு. ஆம்பளைங்க பக்கத்துல இருந்து எங்க வீட்டுக்காரரு சத்தம் எனக்குத் தனியாக் கேக்குது. ஆமென்னுதாக.

எனக்கு உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் தீயா எரிஞ்சுது. என் வீடு. எங்க மாமனாரு கல்லு சுமந்து கட்டின படி. அதுல தண்ணி ஏறாம நின்னதுக்கும் இவதான் காரணமா? எனக்கு வாய் இல்லையா, நான் கேட்க மாட்டேனா? நானும் அன்னைக்கு ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். பண்ணியிருப்பேன். அண்டாவக் கிண்டிக்கிட்டே, ரவை எல்லாருக்கும் காணணும் ஆண்டவரேன்னு கேட்டது நல்லா ஞாபகம் இருக்கு. தண்ணியப் பத்திக் கேட்டேனா இல்லையான்னு ஞாபகம் வரல. ஆனா கேட்காம இருப்பேனா?

கோயில் விட்டதும் வாசல்ல வச்சுச் சொல்லிட்டேன். "எங்க வீட்டை எங்களுக்குப் பாத்துக்கிடத் தெரியும். நீ உன் ஆட்டப் பாத்துக்கோ"ன்னு. அவ சரிக்கான்னா. அந்தச் சரிக்காவோட முடிஞ்சுது. பெறவு ரெண்டு தடவை கிறிஸ்மஸ் பலகாரம் குடுத்துவிட்டா, டப்பாவத் தொறக்காமத் திருப்பி அனுப்பிட்டேன். முந்திரிக்கொத்து, வாசம் வெளியவே அடிச்சுது.

கேட்டவங்ககிட்ட எல்லாம் சொல்லுவேன், அது ஒண்ணும் அற்புதம் இல்ல, எங்க வீடு மேட்டுல இருக்கு, அதான் தண்ணி ஏறலன்னு.

தண்ணி வேணுமாம்மா? பாட்டில்ல இருக்கு. ஆஸ்பத்திரி தண்ணிதான், நல்லாருக்கும். குடிங்க.

எம்மகனுக்கு ஆறு மாசமாத் தலைவலி. கம்ப்யூட்டரப் பாத்துப் பாத்து வருதுன்னு இருந்தோம். பெறவு ஒரு பக்கம் கை மரத்துப்போச்சு. ஸ்கேன் எடுத்துட்டு வந்து காட்டினாங்க. நான் சங்கத்துல சொல்லல. அந்த வாரமும், யாருக்காவது ஜெபக்குறிப்பு இருக்கான்னு நான்தான் கேட்டேன். முட்டு வலி, மருமகன் வேலை எல்லாம் வந்துச்சு. நவமணி உங்களுக்குன்னு கேட்டாங்க. ஸ்தோத்திரம் மட்டுந்தான்னேன். சொல்லிட்டு வீட்டுக்கு வந்து அடுப்படியில உக்காந்துட்டேன், விளக்குப் போடல.

அட்மிட் பண்ணினதும், இனி நம்ம தனியா ஜெபம் பண்ணிக்கிடுவோம், ஆண்டவரு எல்லாருக்கும் ஆண்டவருதானன்னு நேத்து ஆஸ்பத்திரி வராண்டாவுல கண்ண மூடினேன். சத்தியமாச் சொல்லுதேன்மா, வாயத் தொறந்தா சங்க ஜெபந்தான் வருது. வானத்தையும் பூமியையும் படைச்சவரேன்னு தொடங்கி, நாடு, அரசாங்கம், மழை, வெள்ளாமைன்னு வந்து, எம்புள்ள மண்டைக்கு வந்து சேருததுக்குள்ள நர்சம்மா மாத்திரை வாங்கக் கூப்பிட்டுட்டா. திரும்பி வந்து மறுபடி மொதல்ல இருந்து தொடங்குதேன். குறுக்க வர எனக்குத் தெரியல. இத்தன வருசமா ஆண்டவருகிட்ட எனக்குன்னு ஒண்ணும் கேட்டுப் பழக்கமில்ல. எப்படிக் கேக்கணும்னே வரல.

அப்பம் அந்தப் படிதான் கண்ணுக்கு முன்னால வந்து நின்னுச்சு.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லுதேன், நீங்க எங்க ஊரு இல்ல, அதனால சொல்லுதேன். மேடு மேடுன்னு சொன்னேன்லா. எங்களுக்கு அடுத்த வீடு ஜெபக்கனி வீடு. கடக்கால் போடும்போதே எங்க வீட்டைவிட ஒரு சாண் ஒசத்தித்தான் போட்டா, அதுக்காக அவகூட அப்பமே சண்டை போட்டிருக்கேன். அந்த வெள்ளத்துல அவ வீட்டுக்குள்ள பீரோ மிதந்துச்சு. எங்க வீட்டுல தண்ணி மூணாவது படிய மூடிட்டு அப்படியே நின்னுச்சு. நாலாவது படியில வந்த சனத்தோட செருப்பு பூராவும் கெடந்துச்சு. காலையில இருந்து மறுநா மத்தியானம் வரைக்கும் நானே எத்தன தடவை எட்டிப் பாத்தேன். ஒரு செருப்பு நனையல. எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். அவ கோயில்ல எந்திரிச்சுச் சொல்லும்போது, எனக்கு எரிஞ்சதே அதுனாலதான். பொய்யின்னா நானும் சிரிச்சிட்டுப் போயிருப்பேன்லா.

என் வீட்டுப் படிக்கு ஆண்டவரு வந்திருக்காரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அவ கூப்பிட்டு வந்திருக்காரு.

அதான் எம்மகன் சித்தியக் கூப்பிடுன்னு சொன்னதும் போன எடுத்தேன். அவ நம்பர அழிக்கல, வச்சிருந்தேன். ஒரு ரிங்கு போச்சு. ரெண்டாவது ரிங்குல கட் பண்ணிட்டேன். எடுத்துட்டா என்ன சொல்ல? வந்து ஜெபம் பண்ணுன்னு போன்ல சொல்ல முடியுமா? அவ அந்தப் பக்கம் சரிக்கான்னு சொல்லிட்டா, நான் அந்தச் சரிக்காவ வச்சுக்கிட்டு என்ன பண்ண? நேர்ல போனா மூஞ்சியப் பாத்தே புரிஞ்சுக்கிடுவா, கேட்க வேண்டிய வேலை இருக்காதுன்னு ஒரு நெனைப்பு. எங்க வீட்டுக்காரரப் பிள்ளைக்குக் காவல் வச்சிட்டு, சோப்பு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

இப்பங்கூட நெனைச்சா வயிறு எரியத்தான் செய்யுது. எங்க ரெண்டு பேர்ல யாரு கோயிலுக்கு அதிகம் உழைச்சிருக்கா? பாய் விரிக்கது நான், கணக்கு எழுதுதது நான், ஐயருக்குச் சாப்பாடு முறை போடுதது நான். வருசம் பூரா வேலை செய்யுதவ ஒருத்தி, மடியில ஆட்டுக்குட்டிய வச்சுக்கிட்டு வந்துட்டீரா உக்காரும்னு சொல்லுதவ ஒருத்தி. அவரு அங்க போய்த்தான் உக்காருதாரு. இதுல என்ன நியாயம், நீங்களே சொல்லுங்க.

கேட்டது கிடைக்காமலும் இருந்திருக்கு அவளுக்கு. சொன்னேன்லா. அதுக்கு ஒரு நாளாவது சலிச்சுக்கிட்டிருக்காளான்னு பாத்தா, இல்ல. ஊர்ல எல்லா பிரசவத்துக்கும் போய் நிக்கா. நானா இருந்தா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். ஒரு சண்டையாவது போட்டிருப்பேன் அவருகிட்ட. அது எப்படி முடியுது அவளுக்கு? அதுவும் எனக்கு ஆகல.

தம்பி, கண்டக்டர் தம்பி, கனகவிளை விலக்கு வருதுல்லா? மறந்துராத.

என் பையக் கொஞ்சம் எடுங்கம்மா. காலுக்குக் கீழதான் இருக்கு. என்ன சொல்லன்னு இன்னும் வரல பாத்தீங்களா. எப்சி, கொஞ்சம் வாறியான்னு கேட்கட்டா? இல்ல, பிள்ளை உன்னத் தேடுதான்னு அவன் தலையில போட்டுரட்டா? அதுதான் நல்லாருக்கும். நான் கேட்ட மாதிரி இருக்காது.

இருங்க. கொஞ்சம் குனிஞ்சுக்கிடுங்க. அந்தா, எதுத்தாப்புல, பாளையங்கோட்டை பஸ்ஸுக்கு நிக்க எடத்துல, அந்த வேம்புக்குக் கீழ. ஊதாச் சேலை. கையில தூக்குச்சட்டி. அவதான். அவளேதான். ஆட்டக்கூட விட்டுட்டு வந்திருக்கா.

ஒரு ரிங்குதான் விட்டேன். இத்தன நாளும் பேசாதவ ஒரு ரிங்கு விட்டா என்ன அர்த்தம்னு அவளுக்கு யாரு சொன்னா? ஒருத்திகிட்டயும் நான் வாயத் தொறக்கல. தூக்குச்சட்டியில கஞ்சியாத்தான் இருக்கும். காய்ச்சல்னா அவனுக்கு அவ வைக்கிற கஞ்சிதான் எறங்கும்.

எழுதி வச்சுக்கிடுங்க, இதையும் பண்டிகையில சொல்லத்தான் போறா. அக்கா ஒரு வார்த்தை சொல்லல, ஆண்டவருதான் சொன்னாரு, நான் கெளம்பிட்டேன்னு அழுதுக்கிட்டே சொல்லுவா. கோயில் பூரா மூக்கச் சிந்தும்.

சொல்லட்டும். எம்புள்ள காலால நடந்து கோயிலுக்கு வரட்டும். அவன உக்கார வச்சுக்கிட்டு முன் வரிசையில உக்காந்து கேக்கேன். அவ சொல்லி முடிக்கதுக்கு முந்தி, எல்லாருக்கும் முன்னால, நான் ஆமென்னு சொல்லுதேன். எங்க வீட்டுக்காரருக்கும் கேக்குத மாதிரி சொல்லுதேன்.

எறங்குதேன்மா. தம்பி, விசில் அடிச்சிராத, வயசான பொம்பள எறங்குதேன்லா.

கோமதிக்கு எப்சிகிட்ட சொல்லுதேன். பிரசவம்னா அவளுக்குச் சொல்லவே வேண்டாம். அவ கேட்டா கிடைக்கும்.

எம்மகன் பேரு கிப்சன். கிப்சன், முப்பது வயசு. உங்க முருகன்கிட்ட சொல்லுங்கன்னு நான் சொல்லல, நான் சங்கச் செயலாளரு, அப்படிச் சொல்லப்படாது. பேரு தெரிஞ்சிருக்கட்டும்னு சொல்லுதேன். நாளைக்குக் காலையில, தலையில. கிப்சன்.